எட்டிக்கொட்டை வேண்டாமென்ற எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடிய அன்று உடனிருந்தவர்கள்: தங்கையாகிய நான், என் வீட்டுக்காரர், மருந்து கொடுத்துவந்த வைத்தியர், மலைமேல் திருப்புலி நாட்டிலிருந்து இறங்கி வந்திருந்த மாட்டுக்காரப் பெரியவர். அவ்வளவு பேர்தான். யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

அண்ணன் பிறந்தது காளப்பநாயக்கன்பட்டியில். அப்பா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு, திருப்புலி நாட்டில் மிளகு போட மலையேறினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துணைக்கு இரண்டு நாய்கள்.

சிறுத்தை மாட்டை அடித்துப் போட்டால், அது திரும்பி வந்து தின்று சாகட்டுமென்று மிச்சக் கறியில் எட்டிக்கொட்டை விஷப் பொடியைத் தடவி வைப்பது அங்கே வழக்கம். ஒருமுறை சிறுத்தை திரும்பி வரவில்லை. ஊர் நாய்கள் தின்றுவிட்டன. அண்ணனுடைய இரண்டும் வாசலிலேயே விறைத்துக் கிடந்தன. காவலுக்கு நாயில்லாத அந்தப் போகத்தில் பன்றிகள் சாமைக் காட்டை உழுதுபோட்டன. அதிலிருந்து, விஷம் வேண்டாமென்று அண்ணன் வீடு வீடாக நடந்தார்.

"சிறுத்தையோட மச்சான் வாராருங்க, கோழியெல்லாம் கவுத்து வெய்ங்க" என்று சிரித்தார்களாம். பொங்கலுக்கு வந்தபோது இதைச் சொல்லி அவரும் சிரித்தார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நாட்டுக் கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் கேட்டாராம்: "ஏனுங்க, கீழ்நாட்டுக்காரரே, கொட்டை வெக்காம உட்டு மாடு போனா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"நாந்தானுங்க. மொளகு வித்து மாட்டு வெலையக் குடுத்தர்றேன்."

கோயில் முன் சூடம் ஏற்றினார்கள். எட்டி வைப்பதில்லை என்று ஊராரும், விலை கொடுப்பேன் என்று அண்ணனும் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அதன்பின் மிளகுப் பணம் முழுவதும் பிறர் மாட்டுக்கே போனது. அவர் மறுபடி நாய் வளர்க்கவும் இல்லை.

"ஏண்ணா, ஒண்டியா இருந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு இது?" என்றேன்.

"ஊருக்குள்ள நாய் கொரைக்கறது கேக்குது கண்ணு. அது போதும்."

காய்ச்சலோடுதான் கடைசியாக என் வீட்டுக்கு இறங்கினார். பெரியவர் வந்து அவர் காதருகே குனிந்தார்.

"மாடு போச்சுங்க சாமி. கொட்டை வெக்கலீங்க."

அண்ணன் கை கூப்பினார். பெரியவர் பணப் பேச்சே எடுக்கவில்லை.

வைத்தியருக்கும், விறகு தந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியத்துக்கு வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் வணக்கம். அண்ணன் செய்த சத்தியம் தீராமல் கிடந்தால் மலையில் யாராவது திரும்பவும் கொட்டையை இடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. பெரியவரின் மாட்டுக்கு விலை முப்பது ரூபாய். அண்ணன் தோட்டத்தில் கிடைத்த மிளகை விற்றுப் பதினெட்டு கொடுத்தாயிற்று. இன்னும் பாக்கி பன்னிரண்டு ரூபாய்.