சுவரிலிருந்து காணாமல் போன பிறை

ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்க்கும் அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர். நின்றால் கால் வலிக்கும், உட்கார்ந்தால் மனசு வலிக்கும் என்கிற ரகம்.

வருடக் கடைசி விடுமுறைக்குக் காத்திருப்புக் கூடத்தை அலங்கரிப்பதும் அவள் பொறுப்புதான். வழக்கமாக ஒரு பெரிய நட்சத்திரம், கொஞ்சம் தோரணம், அத்தோடு சரி. இந்த வருடம் மேலாளர் கூப்பிட்டு, "எல்லா மதத்துக்காரங்களும் வர்ற இடம். எல்லாருக்கும் ஏதாவது இருக்கணும். யார் மனசும் கோணக்கூடாது," என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சையே முணுமுணுத்துக்கொண்டு அட்டை வாங்கப் போனாள்.

நட்சத்திரம், பிறை, விளக்கு, தர்மச்சக்கரம் என்று அட்டையில் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டி மாட்டினாள். நட்சத்திரம் பெரிதாகத் தெரிந்தது. இறக்கி ஓரத்தை நறுக்கினாள். "எங்க விளக்கை மட்டும் கழிவறைப் பக்கம் தள்ளிட்டீங்களே?" என்றார் மருந்து வாங்க வந்த ஒருவர். விளக்கை நடுவுக்கு நகர்த்தினால் சக்கரம் ஓரத்துக்குப் போனது.

"வட்டமா மாட்டிடு. வட்டத்துக்கு ஏது ஓரம்?" என்றாள் வரவேற்பு மேசைக்காரி.

மாட்டினாள். "சரி, மேல யாரு, கீழ யாரு?" என்று காவலாளி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க ஏணியும் கையுமாகவே அலைந்தாள்.

மறுநாள் காலை பிறையைக் காணோம். குப்பைக் கூடைகளைக் கொட்டிக் கிளறினாள்.

"யாரோ வேணும்னே பிச்சிருக்காங்க," என்றார் காவலாளி.

"வாயை மூடுங்கண்ணே. இப்படி ஒரு பேச்சு கிளம்பினா அப்புறம் அடக்க முடியாது."

சொன்னாளே தவிர, வருகிற போகிற முகங்களையெல்லாம் அவள் கண்ணும் எடைபோட்டுக்கொண்டுதான் இருந்தது. நேற்று விளக்குக்காகக் குறைப்பட்டவரைக்கூட விடவில்லை.

தேடிக்கொண்டே மாடி ஏறினாள். அங்கே ஆண்கள் வார்டின் மூலைக் கட்டிலில், கட்டுத்துணியால் முடிச்சுப் போட்டுப் பிறை தொங்கியது. நோயாளியின் மனைவி பதறி எழுந்தாள்.

"தப்புதான்க்கா. கீழ வந்து பார்க்க இவரால முடியாது. இந்தப் பக்கம் ஜன்னலும் இல்ல. அதான் எடுத்துட்டு வந்துட்டேன். இதோ தந்துடறேன்."

"விடும்மா, இருக்கட்டும்," என்றாள் பம்பரம். யார் யாரையோ சந்தேகப்பட்டது நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கி, "எனக்கு அந்த விளக்கு கிடைக்குமா?" என்றார். எதிர்க் கட்டில்காரர், "எனக்குச் சாமியெல்லாம் கிடையாது. சும்மா பளபளன்னு ஏதாவது குடுங்க, போதும்," என்றார்.

நர்ஸ் மட்டும், "தூசி படியும், தினம் துடைக்கணும்," என்று கறாராகச் சொன்னார்.

சாயங்காலம் மேலாளர் வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்தார். "அலங்காரம் எங்கம்மா?"

"மாடி ஏறிடுச்சு சார்."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் இருக்கு. அதுக்காகக் கூடத்தை மொட்டையா விட முடியாதே," என்றார். மறுபடி அட்டை, மறுபடி பசை.

மூலைக் கட்டில்காரர் குணமாகி வீட்டுக்குப் போனபோது பிறையும் கூடவே போனது. அந்தக் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்தார். பம்பரம் கத்தரிக்கோலோடு போய், "உங்களுக்கு என்ன வெட்டித் தரட்டும்?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேனே," என்றார் அவர்.

அவர் யோசித்து முடிக்கட்டும் என்று அவள் நின்றாள். கத்தரிக்கோல் மட்டும் காற்றைக் கச்சக் கச்சக்கென்று வெட்டிக்கொண்டிருந்தது.