ஜோடி சேராத ரேம்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் பிழைப்பில் பாதி, மெஷினுக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே ரிப்பேர் பண்ணி வைத்ததைச் சரிபண்ணுவது.

பாறசாலையில் எனக்குச் சின்னதாக ஒரு கடை உண்டு. மெஷின் இழுத்தால் ரேம் கூட்டினால் போதும் என்று எவனோ வீடியோவில் சொல்லிவிட்டான். அன்று முதல் கிடைத்த ரேமை எல்லாம் கிடைத்த இடத்தில் சொருகிக்கொண்டு வருகிறார்கள். எதோடு எது சேரும் என்றும் அவன் சொல்லியிருப்பான். இவர்கள் அதற்குள் வீடியோவை அணைத்திருப்பார்கள். இதே பாடு படுகிற சக தொழிலாளிகளுக்கும், எங்களைப் படுத்துகிற உங்களுக்கும் சில சம்பவங்களைச் சொல்கிறேன்.

அரத்தால் ராவிய ரேம்

அம்பூரியில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர் அவர். மகள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை செய்கிறாள். மெஷின் மெதுவாக இருக்கிறது என்று அவள் சொன்னதும், செத்துப்போன ஏதோ பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ரேமைக் கழற்றி வந்திருக்கிறார். ரேமின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அது இடம் மாறும், தப்பானதை யாரும் சொருகிவிடக் கூடாது என்பதற்காகவே. இவர் கத்தியால் கீறி, அரத்தால் ராவி, வேண்டிய இடத்தில் புது வெட்டே போட்டுவிட்டார். அமுக்கி இறக்கி சுவிட்ச் போட்டதும் புகை வந்தது. மதர்போர்டு போச்சு.

மறுநாள் கணக்கை அனுப்பாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். அவளுடைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கடை மெஷினில் மாட்டிக் கொடுத்தேன். என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பினாள். அப்பா வாசலில் நின்று, இப்போதெல்லாம் சாமான் எதுவும் தரமாக வருவதில்லை என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு மாப்பிள பாக்கியதும் இப்பிடித்தான் ஆக்கும் அண்ணா. சேராம போனா, ராவிச் சேத்துருவாரு."

வேகம்

நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீஸ் கிளார்க். வீட்டு மெஷினில் இருந்த பழைய ரேமோடு, விலை கூடின வேகமான ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். வேகமே கூடவில்லை என்று புகார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வேகமானதும் மெதுவானதற்குச் சமமாகத்தான் ஓடும் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எங்க செக்ஷன்ல புதுசா சேருத பிள்ளையளும் ஒரு மாசம் ஓடும், பின்ன எங்கள மாதிரி ஆயிரும்."

மழை

வெள்ளறடையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞன் ஒருவன். ஆன்லைனில் வண்ண விளக்கு எரிகிற ரேம் ஒன்றை வாங்கி, பழையதோடு சேர்த்து மாட்டினான். மெஷின் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஒன்றைக் கழற்றாமல் எந்த வேலையும் பார்க்காதே என்று போனில் எச்சரித்தேன். கழற்றினால் விளக்கு போய்விடுமே என்றான்.

அந்த மெஷினிலேயே ஒரு கல்யாணத்துப் படங்களை ஏற்றிவிட்டு, கேமரா கார்டையும் அழித்துவிட்டான். ஏற்றும்போதே ஃபைல்கள் கெட்டிருந்தன. பொண்ணு இருந்த படங்களில் பாதிக்கு மேல், முகத்துக்குக் குறுக்கே சாம்பல் பட்டை. எல்லா வித்தையும் காட்டிப் பார்த்தேன், மீளவில்லை. கடைசியில் வந்தவர்கள் போனில் எடுத்ததை எல்லாம் பொறுக்கித்தான் ஆல்பம் போட்டார்கள். தாலி கட்டுகிற படத்தில் யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலைதான் முக்கால்வாசி. அதற்கு முன், பொண்ணின் அப்பா என் கடைக்கே வந்து அவனைப் பிடித்தார். அன்றைக்கு மழை பெய்ததல்லவா, அதுதான் படத்தில் பட்டையாக விழுந்திருக்கிறது என்றான் இவன். அவர் சத்தம் போடவில்லை. "எலே, அந்த மழ எனக்க மொவளுக்க மொகத்துல மட்டும் தானா பெய்துது?"

காணிக்கை

பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவ சபை ஒன்றில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரேம் வேண்டியிருந்தது. கமிட்டியில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ஒருவர் தன் அப்பா நினைவாக ஒரு ரேம் கொடுத்தார். கேள்விப்பட்ட மற்றவரும் தன் அப்பா நினைவாக ஒன்று கொடுத்தார். கம்பெனி வேறு, அளவு வேறு. இரண்டிலும் அப்பாக்களின் பெயர் மட்டும் ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தது.

தனித்தனியாக மாட்டினால் இரண்டும் நன்றாக ஓடின. சேர்த்தால் பீப் பீப் என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. இடம் மாற்றினேன், துடைத்தேன், செட்டிங்கை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒன்றைக் கழற்றித்தான் ஆகவேண்டும், எதை என்று நீங்களே சொல்லுங்கள் என்று போதகரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சித்தாளை ஜங்ஷன் கடையில் அடித்துக்கொள்ளலாம் என்றார். பிறகு மெஷின்மேல் ஒரு துணியை மூடினார். "ரெண்டும் உள்ளயே கெடக்கட்டு மக்கா. கம்ப்யூட்டர் ஓடல்லண்ணா சபைக்கு ஒரு கொறச்சலும் இல்ல. ஒண்ணக் கழத்தினா சபை ரெண்டாயிரும்."

எந்த ரேமாக இருந்தாலும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவேன், வாங்கினவர் தலைக்குள் இருப்பதைக் கழற்றத்தான் இதுவரை ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைக்கவில்லை.