எண்ணிக்கையில் விட்டுப்போன தங்கை

திருப்பனந்தாள் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கும் குந்தவை, பிறந்தது பூதலூரில். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, பிள்ளையில்லாத பெரியம்மாவுக்கு அவளைத் தத்துக் கொடுத்தார்கள். யாரும் அதை மறைக்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது, அவ்வளவுதான். பூதலூர் வீட்டு விசேஷங்களுக்கு விருந்தாளியாகப் போய் வருவாள்.

மூத்த அண்ணன் அமிர்தலிங்கத்துக்கு ரத்தப் புற்றுநோய். மருந்தில் நோய் அடங்கினாலும், எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் நிலைக்கும் என்றார் டாக்டர். கூடப்பிறந்தவர்களைச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று அண்ணி ஆனந்தவல்லி போனில் அழுதாள்.

“ராஜராஜனுக்கும் சேரல, பரிதிக்கும் சேரல குந்தவை. கூடப்பிறந்ததே ரெண்டு பேரு. இனி எங்க போறது?”

அரிசி அளந்துகொண்டிருந்த கை நின்றது.

“ரெண்டு பேரா அண்ணி? அப்ப நான் யாரு, கார்டுல பேரு இல்லாத ஆளா?”

“டாக்டர் கேட்டப்ப எங்க ஒருத்தருக்கும் தோணலையேம்மா...”

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், அந்தக் கோபம் கும்பகோணம் தாண்டும்வரை அவளோடு வந்தது. பிறகு பயம் வந்து உட்கார்ந்தது. தனக்கும் சேராவிட்டால்?

“ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்களுக்கே சேரல. எனக்கு எப்படிங்க?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

“வளந்த இடம் இதுல சேராதும்மா. அம்மாகிட்டேருந்து பாதி, அப்பாகிட்டேருந்து பாதி. அண்ணனுக்கு வந்த அதே ரெண்டு பாதியும் உங்களுக்கும் வந்திருக்கணும். நாலுல ஒரு வாய்ப்பு.”

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “பத்துக்குப் பத்தும் பொருந்துதும்மா!”

“கல்யாணத்துக்கே எனக்கு ஆறு பொருத்தம்தாங்க தேறுச்சு” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் செய்ததைப் பெரிய தியாகம் என்று சொல்ல முடியாது. சில நாள் ஊசி, இடுப்புவலி, ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுக்க ஒரு பகல் முழுக்கக் கையில் குழாய். நர்ஸை இரண்டு முறை திட்டவும் செய்தாள். பாசத்தால் பொருந்தியது என்பதும் சரியல்ல. மற்ற இருவரின் பாசம் ஒன்றும் குறைந்ததில்லை. நாலில் ஒன்று வாய்ப்பதற்கு, முதலில் அவள் எண்ணிக்கையில் வர வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு ஏற்றிய பதினேழாம் நாள், அவள் கொடுத்த அணுக்கள் அவர் உடம்பில் வேலையைத் தொடங்கிவிட்டன என்றார்கள். தனியறைக் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து அமிர்தலிங்கம் போனில் பேசினார்.

“ஆறு மாசம் வயப் பக்கமே போகக் கூடாதாம். ஆத்துல தண்ணி விட்டாச்சு. குறுவைக்கு நாத்து விடணும், நீ போய்ப் பாரு.”

“விருந்தாளிக்கு எதுக்குண்ணே இந்த வேலையெல்லாம்?”

“யாருடி விருந்தாளி? லீவு போட்டுட்டுப் போ.”

குந்தவை ஒரு வாரம் லீவு போட்டாள்.