நீலக் கட்டையும் நாலாவது விரலும்

என் மகளின் விரல் சரியில்லை என்று அத்தனை பெற்றோருக்கும் முன்னால் சொன்னது நீங்கள்தான் மிஸ். மைக்கில் சொன்னீர்கள்.

இதை ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லை, திரும்ப வருகிறேன். பொங்கல் கழிந்து இத்தனை நாளாகியும் இப்படித்தான் இருக்கிறேன்.

நெரவியிலிருந்து காரைக்காலுக்கு தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். ஜெராக்ஸ் கடை. போகிற வழியை விட்டுத் தருமபுரம் பக்கம் ஒரு நாள் திரும்பியபோதுதான் உங்கள் மாடி வீட்டு போர்டைப் பார்த்தேன். மூன்று வயது முதல் பியானோ என்று எழுதியிருந்தது. என் மகளுக்கு அப்போது நாலு முடியவில்லை. சாப்பிடுகிற தட்டைத் திருப்பிப்போட்டுத் தட்டிக்கொண்டே இருப்பாள். அதைச் சொல்லித்தான் வீட்டில் பேச்சை ஆரம்பித்தேன்.

"மூணு வயசுல பியானோவா? மொதல்ல அவ மூக்கச் சிந்தக் கத்துக்கட்டும்டி" என்றார் வீட்டுக்காரர்.

"சிந்திக்கிட்டே வாசிப்பா. உங்களுக்கு என்ன?" என்றேன்.

உண்மையைச் சொன்னால், ஆசை அவளுடையது இல்லை. என்னுடையது. அதற்கு அவள் விரல்களை எடுத்துக்கொண்டேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் நீங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்கள். ஆளுக்கு ஒரு தட்டில் பச்சரிசி கொண்டுவர வேண்டும், பிள்ளை அரிசியில் எழுதிவிட்டு அதே விரலால் பியானோவைத் தொட வேண்டும் என்று. எங்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. அன்றைக்குப் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்காத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? பியானோ என்று நீங்கள் சொன்னாலும் அவை மேசைமேல் வைக்கிற கீபோர்டுகள்தான். மொத்தம் மூன்று. தட்டை வைக்க இடமில்லை.

"அப்படியே பியானோ மேலயே வைங்கக்கா. சரஸ்வதி மடியில வச்ச மாதிரி" என்றீர்கள்.

மற்றவர்கள் ஒரு பிடி, இரண்டு பிடி கொண்டுவந்திருந்தார்கள். நான் தட்டு நிறையக் கொண்டுவந்தேன். எங்கள் வயல் நெல்லில் அரைத்த அரிசி என்ற திமிர். போதாததற்கு மஞ்சளும் கலந்திருந்தேன். அந்த அறையில் மஞ்சள் அரிசி என்னுடையது மட்டும்தான். என் மகள் விரலை வைத்து ஒரு இழு இழுத்தாள். தட்டு சரிந்து அரிசி கீபோர்டின் கட்டைகள் மேல் கொட்டியது. நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் வழித்து அள்ளினோம். திருவேட்டக்குடியிலிருந்து மகனைக் கூட்டிவருகிற அம்மா, மீன் வியாபாரம் செய்கிறவர், "நெறஞ்சு வழியுது பாருங்க. நல்ல சகுனம்" என்றார்.

கடையில் நான் தினமும் கம்ப்யூட்டர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுகிறவள். முறுக்குத் தூள், சிகரெட் சாம்பல், முடி, எல்லாம் அதிலிருந்து கொட்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. சந்தனம் வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தோம். எனக்கு அது மெஷினாகத் தெரியவில்லை, சாமியாகத் தெரிந்தது. சாமியைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்ட யாருக்குக் கை வரும்?

பிறகு பாடம் ஆரம்பித்தது. ஐந்து கட்டைகளில் ஐந்து கலர் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். கட்டைவிரலுக்குச் சிவப்பு, அப்புறம் மஞ்சள், பச்சை, நாலாவது விரலுக்கு நீலம், சுண்டுவிரலுக்கு ஆரஞ்சு. மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறி இறங்க வேண்டும். என் மகள் பச்சை வரைக்கும் ஏறுவாள். நீலத்தில் சத்தம் வராது. ஒரு படி இல்லாத படிக்கட்டு மாதிரி தடுமாறி ஆரஞ்சுக்குத் தாவுவாள்.

நீங்கள் வந்து அமுக்கினீர்கள். கணீரென்று வந்தது.

"பாரு பாப்பா, மிஸ் அமுக்குனா வருது. ஒனக்கு ஏன் வரல? சோறு திங்கறியா, இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் திருவேட்டக்குடிப் பையனை அதே கீபோர்டில் உட்காரவைத்தீர்கள். அவன் ஐந்து கட்டையையும் குத்தினான். ஐந்தும் அலறின. வெளியே படியில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"எம்புள்ள வல இழுக்கற வம்சம்க்கா. பொட்டி கத்தாம என்ன செய்யும்? ஒங்க பாப்பாவுக்கு நெத்திலி வாங்கிக் கொழம்பு வச்சுக் குடுங்க, வெரலு ஊறும்."

வாங்கினேன். வைத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி சப்பாத்தி மாவைப் பிசையவைத்தேன், ரப்பர் பந்தை அமுக்கவைத்தேன். அவள் செய்தாள். அதோடு அவளாகவே இன்னொன்றும் செய்ய ஆரம்பித்தாள். அந்த நாலாவது விரலை மட்டும் நீட்டிக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்தாள். ஃபேன் சுவிட்ச், டிவி ரிமோட், கடையில் கால்குலேட்டர், எதிர்வீட்டு காலிங் பெல், ஸ்கூட்டி ஹார்ன்.

"அம்மா, இங்கல்லாம் வேல செய்யுது பாரு."

"அதெல்லாம் லேசுடி. பியானோ அப்படியா?"

நாலு வயது ஆகாத பிள்ளை சோதித்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடமும் உங்களிடமும் சொன்னாள். அறிவுள்ளவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த நாம் இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்த எரிச்சலில் அந்த விரல்மேல் ஒரு தட்டு தட்டினேன். அவள் அழவில்லை. விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். அன்றைக்கு மடக்கியதுதான். அதை மடக்கி வைத்துக்கொண்டே ரசஞ்சோறு பிசைகிறாள். பாதி வழிந்து முழங்கைக்குப் போகிறது.

அப்புறம்தான் உங்கள் பெற்றோர் கூட்டம். பொங்கல் நிகழ்ச்சிக்கு யார் யார் என்ன வாசிப்பது என்று அறிவிக்கிற கூட்டம். ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லி வந்து, என் மகள் பேரில் நின்றீர்கள்.

"இந்தப் பாப்பாவுக்கு நாலாவது வெரல்ல வீக்னஸ் இருக்கு. பேரண்ட்ஸ் டாக்டர்கிட்ட காட்டணும். இந்தத் தடவ சலங்கை குலுக்கட்டும்."

நாற்காலிகளில் இருந்த தலையெல்லாம் திரும்பி அவள் கையைப் பார்த்தன. அவள் கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் தன் விரலை நீட்டி, அந்த ஒரு விரலால் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தாள். "இந்த வெரலுக்கு என்னம்மா? என் வெரல ஒடிக்கிறா" என்றார். உங்களிடம் வந்து சொன்னேன்.

"டாக்டருக்கு மியூசிக் தெரியுமாக்கா?" என்றீர்கள்.

நிகழ்ச்சிக்கு நாலே நாள் இருந்தது. மார்கழித் தூறல். கடையில் கரண்ட் இல்லை, அதனால் சீக்கிரமே அவளை வகுப்புக்குக் கூட்டி வந்துவிட்டேன். நீங்கள் கீழே வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தீர்கள். மகள் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அதுவரை ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நீல ஸ்டிக்கர் கட்டையை, அவள் எப்படி அமுக்குவாளோ அப்படி மெதுவாக அமுக்கினேன். சத்தம் இல்லை. பாதி இறங்கி, மண்ணில் மிதித்த மாதிரி நறுக்கென்று நின்றது. பலமாக அமுக்கினேன். வந்தது.

இது எனக்குத் தெரிந்த வேலை. தினமும் செய்கிற வேலை. ஒயரைப் பிடுங்கினேன், கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்தேன், முதுகில் நாலு தட்டுத் தட்டினேன். முதலில் ஒரு ஹேர்பின் விழுந்தது. அடுத்து இரண்டு அரிசி. ஒன்று முழுசு, ஒன்று நொய். இரண்டும் மஞ்சள்.

நீங்கள் ஓடி வந்தீர்கள்.

"ஐயையோ, என்னக்கா பண்றீங்க? ஒடஞ்சிடும்!"

உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன். பார்த்தீர்கள். கட்டையை ஒரு தரம் மெதுவாக அமுக்கியும் பார்த்தீர்கள். பூ மாதிரி இறங்கிச் சத்தம் கொடுத்தது. உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்புறம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள்.

"இத வெளில சொல்லாதீங்கக்கா. இப்பத்தான் நாலு பேரு சேர்றாங்க. லிஸ்ட் வேற பிரிண்ட்டுக்குப் போயிருச்சு. அடுத்த ப்ரோக்ராம்ல பாப்பாவ மொத ஆளா ஒக்கார வைக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மிஸ். அவகிட்ட மட்டும் சொல்லுங்க."

"சின்னப் புள்ளக்கா. மறந்துடும்."

மறக்கவில்லை. உங்களுக்கு முன்னாலேயே அவளை உட்காரவைத்து, மடங்கிய விரலை நான் பிரித்து நீலக் கட்டைமேல் வைத்தேன். அமுக்கினாள். சத்தம் வந்தது. கட்டையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"நீதான அமுக்குன?"

"இல்லடி, நீதான். ஒன் வெரல்தான்."

"பொய். மிஸ் சொல்லட்டும்."

நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். அப்போது கீழே யாரோ மணி அடித்தார்கள். "இதோ வர்றேன்" என்று இறங்கிப் போனீர்கள். அவள் விரலை மடக்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். நிகழ்ச்சியில் சலங்கையை நாலு விரலால்தான் பிடித்துக் குலுக்கினாள். நீங்கள் போட்ட போட்டோவிலேயே தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள்.

என் பங்கை நான் ஒளிக்கவில்லை. அரிசி என்னுடையது, மஞ்சள் என்னுடையது, விரலில் விழுந்த அடி என்னுடையது. அரிசியைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, இதையெல்லாம் எழுதினேன். திருவேட்டக்குடி அம்மா, "அடப்பாவி, இதுக்கா அந்தப் புள்ளய அந்தப் பாடு படுத்துனோம்?" என்று குரல் அனுப்பினார். நீங்கள் ஒரு கும்பிடு போட்டீர்கள். அதற்கு அடுத்த நிமிடம் ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாரும் நேரத்தோடு வரச் சொல்லி ஒரு செய்தி போட்டீர்கள்.

கும்பிடு எனக்கு வேண்டாம். என் மகளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது. குரூப்பில் நான் எழுதியது அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவள் விரலைப் பற்றி அவள் காதில் விழுந்தது மைக்கில் வந்த உங்கள் குரல். அம்மா சொன்னால் பொய், மிஸ் சொன்னால் நிஜம். அந்த இடத்தில் அவள் உங்களை வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு வருகிறேன். அவளையும் கூட்டிவருகிறேன். முன்வரிசையில் உட்காருவோம். அன்றைக்கு இருந்த பெற்றோர் எல்லாரும் இருப்பார்கள். அதே மைக்கை எடுங்கள் மிஸ். எடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்: பழுதாகிக் கிடந்தது உங்கள் கட்டையா, என் மகளின் விரலா?