ஐனா குனிந்த நாள்

ஐனா கௌர்லே ஓய்வு பெறும்வரை எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டியவள். ஸ்காட்லாந்தின் இந்தக் கடலோரத்தில் பஸ் ஓட்டுகிறவளும் கோல்ஃப் ஆடுவாள், பல் மருத்துவரும் ஆடுவார். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. நான் நெட்டா, ரொட்டிக் கடையில் நின்றே காலத்தை ஓட்டியவள். வாரம் தவறாமல் அவளோடு ஆடுகிறவள். அவளைப் போல் ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை.

போன வருடம் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மட்டையைச் சுழற்றினால் பாதியில் நின்றுவிடும். குழியில் விழுந்த பந்தை எடுக்கக் குனிய முடியாது. யார் கண்ணிலும் படாமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "வெளிய சொன்னே, கொன்னுடுவேன்டீ," என்றாள். நானும் சொல்லவில்லை. அதனால் என்ன ஆயிற்று? விஷயம் தெரியாத கோல்ஃப் கிளப், இந்த வருடத் தலைவியாக அவளையே தேர்ந்தெடுத்தது. இந்த மடச்சியும் தலையாட்டிவிட்டாள்.

தலைவியானால், ஏப்ரலில் ஆட்டப் பருவம் தொடங்கும் நாளில் ஊர் கூடி நிற்க முதல் பந்தை அவள்தான் அடிக்க வேண்டும். எதிரே ஓடை. பந்து ஓடையில் விழுந்தால் மீன் வறுவல் கடைவரை வருடம் முழுக்க அதே பேச்சு. ஐனா அதற்குப் பயப்படவில்லை. "அன்னிக்கு என்னால உடம்பத் திருப்பி அடிக்க முடியலன்னா மட்டைய எல்லாம் வித்துடுவேன். அதோட என் ஆட்டம் முடிஞ்சது," என்றாள். சொன்னால் செய்கிறவள். அவள் வராத வாரங்களில் நான் என்ன செய்வேன்?

நானே அவளை இயன்முறை மருத்துவரிடம் இழுத்துப் போனேன். அந்தப் பெண் அவளைத் திருப்பி, வளைத்துப் பார்த்துவிட்டு, "முதுகுல கோளாறு இல்லங்க. உக்காந்து உக்காந்து இடுப்பு இறுகிப் போச்சு. அது திரும்பாததால முதுகு ரெண்டு பேர் வேலையப் பாக்குது," என்றாள்.

அன்றிலிருந்து கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் நேரமெல்லாம் ஐனா துடைப்பக் கழியைத் தோள்களுக்குப் பின்னால் குறுக்கே வைத்துக்கொண்டு இடமும் வலமும் திரும்பினாள். தரையில் படுத்து முழங்கால்களை இரண்டு பக்கமும் சாய்த்தாள். எல்லாம் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான். எங்கள் ஊரில் ஆட்டத்துக்கு முன் உடம்பை வளைத்தால் படம் காட்டுகிறாள் என்பார்கள். கைகளைத் தேய்த்துக்கொண்டு ஒரு வாய் விஸ்கி குடித்தால் போதும், வேறு தயாரிப்பே கிடையாது. இந்த வெட்டி கௌரவத்தால் ஊரில் பாதிப் பேருக்கு முதுகு போனதுதான் மிச்சம்.

அந்த நாளில் எலும்பைத் துளைக்கும் கிழக்குக் காற்று. போன வருடத் தலைவர் ஆர்ச்சிக்குப் பேச்சைத் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. புல்வெட்டும் இயந்திரத்துக்குக்கூட நன்றி சொன்னார். தலைவியின் சிவப்புக் கோட்டில் அசையாமல் நின்ற ஐனாவின் முகம் வெளுத்தது.

"நெட்டா, இறுகிடுச்சுடீ."

"அப்ப வீட்ல பண்றத இங்கயே பண்ணு."

"இங்கேயா? மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும். கடல் பக்கத்துலதான இருக்கு."

என்னை முறைத்தாள். பிறகு மட்டையைத் தோள்களுக்குப் பின்னால் வைத்துத் திரும்பத் தொடங்கினாள். ஆர்ச்சி பேச்சை நிறுத்தினார்.

"என்னம்மா ஐனா, பந்தடிக்கப் போறியா, துணி காயப்போடப் போறியா?"

கூட்டம் சிரித்தது.

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள துணியே காஞ்சிருக்கும். கொஞ்சம் பொறுங்க," என்றாள். ஈரப் புல்லில் அந்தக் கோட்டோடேயே படுத்து முழங்கால்களைச் சாய்த்தாள். சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தார்கள். அவள் அவசரப்படவே இல்லை.

எழுந்து, பந்தைத் தாங்கும் சின்ன மரக்குச்சியைப் புல்லில் குத்தி, அதன் மேல் பந்தை வைத்தாள். இடுப்பு திரும்பியது, அதன் பின்னால் தோள்கள் கடைசிவரை திரும்பின. பந்து காற்றுக்கு அடியில் தாழ்வாகப் போய் ஓடைக்கு அப்பால் விழுந்து உருண்டது. ஆர்ச்சி போன வருடம் இதைவிடத் தூரம் அடித்தார், சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மரக்குச்சி புல்லிலேயே கிடந்தது. பழக்க தோஷத்தில் அதை எடுக்க நான் குனிந்தேன். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை.

ஐனா சுலபமாகக் குனிந்து குச்சியை எடுத்துப் பையில் போட்டாள். அப்படியே என் காதருகில் வந்து, "சாயங்காலம் வீட்டுக்கு வாடீ. துடைப்பம் ரெண்டு இருக்கு," என்றாள்.