முழுவதும் கேட்காமல் எழுதியது

ஒரு அல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு, முழுவதும் கேட்டவனைப் போல, அது கேட்கத் தகுந்ததல்ல என்று எழுதினேன். செய்வது பிழை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அந்த பாண்ட் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் தொடங்கியது. தமிழில் ரொக் பாடினார்கள். கலியாண வீட்டுக்கோ திருவிழாவுக்கோ யாரும் கூப்பிட முடியாத ரொக். கிற்றார் அலறும், பாடகர் அதற்கு மேலால் அலறுவார். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போயிருந்த எங்களுக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது. நான் அப்போது அரசாங்கத் திணைக்களமொன்றில் மொழிபெயர்ப்பாளன். மற்ற ரசிகர்கள் என்னைவிட இளையவர்கள், அண்ணை என்பார்கள்.

புதுக் கசெற் வந்தால் வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசையாகக் கேட்க வேண்டும். முடியும்வரை யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. வாய் திறந்தவர் எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான்.

பிறகு பாண்ட் நீண்ட காலம் மௌனமாக இருந்தது. ரசிகர்களில் பாதிப்பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். கூட்டம் ஒரு பேஸ்புக் குழுவாக மிஞ்சியது. போன வருடம் பாடகரும் ட்ரம்ஸ்காரரும் மீண்டும் சேர்ந்து ஒரு அல்பம் செய்தார்கள். வெளியிடுவதற்கு முன் ட்ரம்ஸ்காரர் அதை எனக்கு மட்டும் அனுப்பினார். பழைய மரியாதை.

பின்னேரம் பல்கனியில் நின்றபடி, காலிக்குப் போகும் பெருவீதியின் பஸ் ஹோர்ன்களுக்கு நடுவே, போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன். அலறலைக் காணவில்லை. கிற்றார் ஒதுங்கி நின்றது. பாடகர் பேசுவதுபோலப் பாடினார். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டுக் குழுவில் எழுதினேன்: “இது நாங்கள் காத்திருந்த பாண்ட் அல்ல. குரல் போய்விட்டது. குரல் போனவர்கள் வீட்டில் இருப்பது மரியாதை.” எனக்குக் கோபம்கூட இல்லை. முதலில் சொன்னவன் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். பாடகரைவிட எனக்குப் பத்து வயது கூட.

“அண்ணை சொன்னால் அப்பீல் இல்லை” என்றார் ஒருவர்.

“ரொக் கேட்ட வயசு போய் இப்ப தாலாட்டோ?”

“பனடோல் குளிசை போட்டிட்டுப் பாடியிருக்கிறார் போல.”

யாரோ என் வசனத்தைப் படம் பிடித்துக் குழுவுக்கு வெளியேயும் போட்டார்கள். அல்பம் வந்த நாளில் அதற்குக் கீழே அந்தப் படமும் வந்தது. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு ஆட்கள் சேரவில்லை. ரத்துச் செய்தார்கள்.

அன்று ட்ரம்ஸ்காரர் எனக்கு போன் எடுத்தார். “அண்ணை, கடைசிப் பாட்டையும் கேட்டனீங்களோ?”

“ஓம்” என்றேன்.

“அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

அந்தப் பொய்க்குப் பிறகுதான் கதவைச் சாத்திவிட்டு, நல்ல ஸ்பீக்கரில், வரிசையாக முழுவதையும் கேட்டேன். மூன்றாவது பாட்டு இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் பிற்பாதி வேறு. கடைசிப் பாட்டில் ஓரிடத்தில் பாடகரின் குரல் மேலே எட்டாமல் நின்றுவிடுகிறது. அதை மறைக்க அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ட்ரம்ஸும் நிற்கிறது. அவர் மூச்செடுத்து, எட்டிய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். படியேறும்போது இடையில் நின்று மூச்சு வாங்குகிற எனக்கு அது விளங்காமல் போகுமா? அழுதேன்.

முதலில் எழுதியதை அழித்தேன். மூன்று பாட்டோடு நிறுத்தியதை ஒப்புக்கொண்டு, அல்பத்தைப் பற்றி நீளமாக எழுதினேன்.

“அண்ணைக்கு போன் வந்திட்டுது போல.”

“நீளமாக் கிடக்கு, பிறகு வாசிக்கிறன்.”

“அண்ணை ரோல்ஸ் வாங்கிற முறை!”

என் பழிச்சொல்லை அப்படியே நம்பியவர்கள் என் பாராட்டை நம்பவில்லை. பழையபடி எல்லோரும் கூடிக் கேட்போம் என்று என் பிளாட்டுக்கு அழைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். பாதியில் ஒருவர், “அண்ணை, பழைய கசெற் ஏதும் கிடக்கோ?” என்றார்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்கு, பாடகர் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். மேடையில் அல்லாமல் அவரை அவ்வளவு அருகில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வாங்க ஐயா, இருங்க. சோடா குடிப்பீங்கதானே?”

“தம்பி, நான் மூண்டு பாட்டுத்தான் கேட்டிட்டு எழுதினனான்.”

சிரித்தார். “மூணு வரைக்கும் வந்தீங்களே! என்ட மச்சான் ஒண்டோட நிப்பாட்டிட்டான்.”

“இன்னொருக்கா மேடை போடுங்கோ. ஆக்களை நான் சேர்க்கிறன்.”

சிரிப்பு நின்றது. “ஏலாது ஐயா. அந்தக் கடைசிப் பாட்ட வீட்டுல பாடிப் பாத்தேன். அந்த இடம் வரக்குள்ள உங்கட வசனம்தான் வருது. வாய் தொறக்குதில்ல.”

“அதை நான் அழிச்சுப்போட்டன்.”

“படம் எல்லாரிட்டயும் இருக்கே. நீங்க ரெண்டாவதா எழுதினீங்களே, அதையும் அழிச்சிருங்க. அதுக்குக் கீழயும் சிரிக்கிறாங்க. மகளும் அந்தக் குழுவுல இருக்கா, ஒண்டு விடாம வாசிக்கிறா. இனி எங்களப் பத்தி அங்க நல்லதும் எழுதாதீங்க.”

அவர் முன்னாலேயே அழித்தேன். இனி அந்தக் குழுவில் எழுதுவதில்லை என்றும் சொன்னேன். சோடாவை முடிக்கச் சொல்லி, முச்சக்கரவண்டிவரை வந்து ஏற்றிவிட்டார்.

சில வாரங்களில் அல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி மேடை ஏறுவதில்லை என்று ட்ரம்ஸ்காரர் குழுவில் இரண்டு வரி போட்டார். அதற்குக் கீழே கனடாவிலிருந்து ஒரு பழைய ரசிகர் எழுதினார்: “அண்ணை முதலே சொன்னவர். உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேணும்.” கைதட்டும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. வாக்குக் கொடுத்திருந்தபடியால் நான் பதில் எழுதவில்லை.