நீல மூடி டப்பா

கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு வாசனை தெரியாது. காபிப் பொடியும் தெரியாது, அடுப்பில் கருகும் பாலும் தெரியாது. இருபத்தெட்டு வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மூக்கு போனால் போகட்டும், அளவு தெரிந்தால் போதும் என்று இருந்தேன். சாம்பாருக்கு உப்பைக்கூட அளந்துதான் போடுவேன். யாராவது "பார்த்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் திமிரோடுதான் வீட்டு நீச்சல் தொட்டித் தண்ணீரையும் பார்த்துக்கொண்டேன்.

தொட்டி என் ஆசை இல்லை. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வயல். இங்கே ஒருத்தி நீச்சல் தொட்டி கட்டினால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. ஆனால் என் கணவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, சர்க்கரை வேறு. தண்ணீருக்குள் நடந்தால் முட்டிக்குப் பாரம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்து, பதினைந்துக்குப் பத்து அடி, மார்பளவு ஆழத்தில் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். வாசலுக்கும் கேட்டுக்கும் நடப்பதற்குள் முகம் சுளிக்கிற மனிதர், தண்ணீருக்குள் தினமும் காலையில் அரை மணி நேரம் பிரகாரம் சுற்றுவதுபோல் சுற்றினார். மூன்று மாதத்தில் கம்பு இல்லாமல் கடைத்தெரு வரை போய்வந்தார். அந்தத் தண்ணீர் நன்றாக இருந்தால்தான் அவர் நடப்பார் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதை வேறு யாரையும் தொட விடவில்லை.

எந்தக் குளோரின் வாங்குவது என்பதில் மட்டும் ஆறு மாதம் படாதபாடு பட்டேன். மகன் வாங்கி வைத்துவிட்டுப் போன மாத்திரைகள் வட்டமாக, அழகாக இருந்தன. மறுபடி வாங்கப் போனபோது விலையைக் கேட்டு கடையை விட்டு இறங்கிவிட்டேன். கேனில் வரும் திரவக் குளோரின் மலிவு, ஆனால் நம் வெயிலுக்கு இரண்டு வாரத்தில் வீரியம் செத்துவிடும். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரையும் போட்டுப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புதான். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புத் தண்ணீர், கூட இதுவும் சேர்ந்து தொட்டியின் அடியில் வெள்ளை அடித்ததுபோல் படிந்தது. கடைசியில் இறால் பண்ணைகளுக்கு மருந்து விற்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே குருணை குருணையாகக் குளோரின் எடை போட்டே கிடைத்தது. பிளீச்சிங் பவுடரைவிட இரண்டு மடங்கு வீரியம், மாத்திரை விலையில் கால்வாசிகூட இல்லை. ஏதோ நானே கண்டுபிடித்த பொருள் மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈரம் பட்டால் அந்தக் குருணை கெட்டுவிடும். வாங்கி வந்ததைப் பிரித்து, உளுந்து போட்டு வைக்கிற நீல மூடி டப்பாக்களில் அடைத்து, மோட்டார் அறை அலமாரியில் வரிசையாக வைத்தேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. என் வீட்டில், நான் வைத்த பொருளுக்கு எனக்கே பெயர் எழுத வேண்டுமா என்ன?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, பக்கத்து வீட்டு நிலத்தடித் தொட்டிக்குள் வெளித் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் துபாயில் கடை வைத்திருக்கிறார். அந்த அம்மா மட்டும் இங்கே இருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தொட்டியைச் சுத்தம் செய்ய மருந்து இருக்குமா என்று கேட்டு வந்தார். ஒரு டப்பாவை அப்படியே எடுத்துக் கொடுத்து, எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் கழித்துப் புழங்கலாம் என்று கால் மணி நேரம் பாடம் நடத்தி அனுப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நான் கரைத்துக்கொண்டிருந்த டப்பா காலியானது. அலமாரியில் பார்த்தேன். இன்னும் ஒன்று நிறைய இருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தது நினைவிருந்தது. மொத்தம் ஐந்தா ஆறா என்று நின்று யோசிக்கவில்லை. வெயிலில் குளோரின் வீணாகப் போகும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் நான் மருந்து போடுவது வழக்கம். அந்த மங்கல் வெளிச்சத்தில் இரண்டு கரண்டி எடுத்து வாளியில் கரைத்தேன். குருணை பிசுபிசுவென்று இருந்தது. மழைக்காலம், ஈரம் கோத்திருக்கும் என்று நினைத்தேன். எப்போதும் வாளியின் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். அன்றைக்குத் துளி வண்டல்கூட இல்லை. இந்தத் தடவை சரக்கு நல்ல சரக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற சொட்டு மருந்து தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக மாற வேண்டும், அவ்வளவுதான் சோதனை. அதை வாங்க மழையில் தஞ்சாவூர் போக வேண்டும். இத்தனை மாதக் கைப்பழக்கம், சொட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன். தண்ணீரும் அடித்தரை ஓடுகளை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. தெளிவுக்குக் காரணம் நான் போட்ட படிகாரமும் மோட்டாரின் வடிகட்டியும். தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை என்பது ஆறாம் வகுப்புப் பாடம்.

சர்க்கரையால் அவர் பாதங்களில் உணர்ச்சி குறைவு. அதனால் தினமும் சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்தான் அவர் காலைப் பார்ப்பேன். ஒரு நாள் வலது சுண்டு விரலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு. தொட்டி ஓடு ஏதோ கீறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. களிம்பு போட்டுக் கட்டினேன். இரண்டு நாள் தண்ணீரில் இறங்க வேண்டாமோ என்று அவர் இழுத்தார். நான்தான் அதெல்லாம் ஒன்றும் இல்லை, குளோரின் தண்ணீரில் கிருமி எங்கிருந்து வரும், நடையை விட்டால் மறுபடி கம்பு ஊன்றத்தான் வேண்டும் என்று சொல்லி இறக்கிவிட்டேன். என் வாயால் சொல்லி, என் கையால் பிடித்து இறக்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவருக்குக் குளிர் ஜுரம். பாதம் வீங்கி, கட்டுத் துணியில் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. கார் பிடித்துத் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர். கட்டைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

"எங்கயாவது குளம், வாய்க்கால்ல எறங்கினாராம்மா?"

வீட்டுத் தொட்டி, தினமும் மருந்து போட்ட தண்ணீர் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. தேங்கின தண்ணீரில் வளர்கிற கிருமி மாதிரி தெரிகிறது, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் கணவரின் புறங்காலில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"காலையில வந்து பாப்பேன். இந்தக் கோட்டைத் தாண்டி சிவப்பு மேல ஏறுச்சுன்னா, வெரல எடுக்கறதோட நிக்காதும்மா."

அந்தப் பயத்திலும் என் தண்ணீரைக் குறை சொன்னாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு மாற்றுத்துணி எடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் கடையில் இறங்கிச் சொட்டு மருந்து ஒரு புட்டி வாங்கினேன். சோதனைக் குழாயில் மஞ்சள் நிறத்தைக் காட்டி அந்த டாக்டர் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

வீட்டுக்கு வந்ததும் துணியைக்கூட எடுக்கவில்லை, நேராகத் தொட்டிக்குப் போனேன். தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. குலுக்கினேன். மாறவில்லை. மழைத் தண்ணீர் கலந்து வீரியம் குறைந்திருக்கும் என்று நினைத்து, டப்பாவிலிருந்து ஒரு கரண்டியை டம்ளரில் கரைத்து அதில் சொட்டு விட்டேன். அத்தனை வீரியத்துக்கு அது மஞ்சளைத் தாண்டி இரத்தம் மாதிரி சிவக்க வேண்டும். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே இருந்தது. ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன். அன்றைக்கு ஒரு குருணையை எடுத்து நானே நாக்கில் வைத்தேன். வாசனை போனாலும் உப்பு நாக்குக்குத் தெரியும்.

உப்பு. பொடித்த கல்லுப்பு. ஏழெட்டு நாளாகத் தினமும் இரண்டு கரண்டி உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதில் புண்ணோடு அவரை நடக்க விட்டிருக்கிறேன்.

மதில் அருகே பக்கத்து வீட்டு அம்மா நின்றிருந்தார். நாகப்பட்டினத்தில் மகள் வீட்டுக்குப் போனவர் அன்று காலைதான் திரும்பியிருந்தார்; ஐயாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்கத்தான் வந்தார். நான் டப்பாவைத் தூக்கிக் காட்டி, இதில் யார் உப்பைப் போட்டது என்று கத்தினேன். நல்ல சத்தம். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா பயந்துதான் சொன்னார். வேதாரண்யத்தில் அவர் தம்பி உப்பளத்திலிருந்து மூட்டை அனுப்பியிருந்தாராம். டப்பாவைக் கழுவி, காயவைத்து, உப்பைப் பொடித்து நிரப்பிக் கொண்டுவந்தபோது வீட்டில் யாரும் இல்லை. என் கணவருக்குச் சர்க்கரை பார்க்க நாங்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நாள். நான் எடுத்துக் கொடுத்த அலமாரியிலேயே வைத்துவிட்டு, மறுநாள் ஊருக்குப் போய்விட்டார்.

"வாங்குன டப்பாவ வெறுமனே எப்படி டீச்சர் திருப்பிக் குடுக்கறது?"

எங்கள் பக்கத்தில் யாரும் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். போன பெருநாளைக்கு அவர் பிரியாணி கொடுத்தனுப்பிய பாத்திரத்தை நானும் முறுக்கு வைத்துத்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தால் அவர் அந்த டப்பாவில் உப்பைப் போட்டிருக்க மாட்டார். அவரிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நேரமும் இல்லை, மனமும் வரவில்லை.

அந்த இரவு முழுக்க அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியும்போது சிவப்பு கோட்டைத் தொட்டிருந்தது, தாண்டவில்லை. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, சுண்டு விரலைக் காப்பாற்ற முடியாது, பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார். கையெழுத்துப் போட்டேன். மதியத்துக்குள் விரலை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜுரம் விட்டு அவர் கஞ்சி குடித்தார். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று, நான் போட்டது குளோரின் இல்லை, உப்பு என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன்.

அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணில மருந்து வாசனை இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சுதும்மா. ஒரு வாரமாவே. நீ வாசனை இல்லாத வேற ஏதோ வாங்கியிருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அப்போதும் என் குரல் அப்படித்தான் வந்தது.

"சொன்னா நீ கத்துவே."

குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போவதாகச் சொல்லிக் குழாயடிக்குப் போய், கழுவின கிண்ணத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் சரிந்து படுத்திருந்தார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு சிரமம் இல்லேன்னா, அந்தத் தலகாணியக் கொஞ்சம் ஏத்தி வைக்கிறியா?" என்று கேட்டார்.

நாற்பத்தொரு வருடமாக என்னிடம் எதையும் இப்படித்தான் கேட்கிறார். அன்றைக்குத்தான் அது எனக்குக் காதில் விழுந்தது.